ஜட்ஜு பிடித்த குண்டூசி

உலகத்தில் எத்தனையோ நீதிபதிகள் இருக்கலாம். சைக்கிள் டயரைக் கூண்டில் ஏற்றி விசாரித்தவர் பெங்களூரு ஈஜிபுராவில் பஞ்சர் ஒட்டிய ஜட்ஜு ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே நினைவிருந்ததா என்பது சந்தேகம்.

மற்ற கடைகளில் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடுவார்கள். ஜட்ஜு கண்ணை மூடிக்கொண்டு டியூபை இமையோரமாகச் சுற்றுவார். ஓட்டை வந்ததும் இமை துடிக்கும். அத்தனை பஸ் புழுதியிலும் அந்த நூலளவு காற்று அவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஒட்டுவதோடு விட மாட்டார். குத்தியது எது, எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் சைக்கிளைத் தர மாட்டார். பிடிபட்ட ஆணி, முள், கண்ணாடிச் சில்லு எல்லாம் ஓர் ஊறுகாய் பாட்டிலுக்குள் போகும். அதுதான் ஜெயில். அவசரமாக வந்த ஒரு போலீஸ்காரரையே முக்கால் மணி நேரம் நிற்கவைத்து, டயரிலிருந்து எடுத்த குட்டி ஆணியைக் காட்டி, "சிவாஜிநகர்ல செருப்பு தைக்கிறவராண்ட வண்டிய நிறுத்துனீங்களா சார்?" என்று கேட்டார். போலீஸ்காரர் தலைகுனிந்து ஒப்புக்கொண்டார்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் எனக்குப் பத்து மணிக்கு இன்டர்வியூ. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான் என்பதால் அம்மா தெருவுக்கே சொல்லி அனுப்பிவைத்தாள். எட்டு மணிக்குத் தெருமுனை தாண்டுவதற்குள் முன்சக்கரம் சப்பை.

ஜட்ஜு ஒட்டி முடித்தார். காற்றடித்துக் கொடுங்கள் அண்ணா, போதும் என்று கெஞ்சினேன்.

"சொல்ப நேரம் இரு தம்பி. உள்ள ஆள் ஒளிஞ்சினு இருக்கான்."

கால் மணி நேரம் டயருக்குள் விரலை ஓட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் ஒரு குண்டூசியை வெயிலில் தூக்கிப் பிடித்தார்.

"துரு இல்ல, மண்ணு இல்ல. இது ரோட்டு ஊசி இல்ல, வீட்டு ஊசி. சைக்கிள வீட்டுக்குள்ளதான நிறுத்துற?"

ஆமாம் என்றேன். திருட்டுக்குப் பயந்து, எங்களுடைய ஒற்றை அறையில்தான் சைக்கிளும் குடியிருந்தது. குண்டூசி வைத்திருந்தது யார் என்று கேட்டார். நான்தான். முந்தின நாள் சைக்கிள் பக்கத்தில் உட்கார்ந்துதான் சான்றிதழ்களை நகலோடு சேர்த்துக் குத்தினேன்.

ஜட்ஜு என் கையிலிருந்த ஃபைலைப் பார்த்தார். "அப்ப இது புடிச்சினு இருந்த பேப்பர் எங்க?"

பிரித்தேன். டிப்ளமாவின் நகல் இருந்தது. அசல் இல்லை.

வீட்டுக்குப் பறந்தேன். பாய்க்கடியில் கிடந்தது. பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் நான் கம்பெனி வாசலை அடைந்தபோது, அசல் கொண்டுவராத இருவரை அங்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

வேலை கிடைத்ததும் மைசூர்பாகோடு போனேன். டயர் எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டார். பிறகு ஜெயிலைக் கவிழ்த்து, அந்தக் குண்டூசியைத் தேடியெடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"இதுக்கு விடுதலை. குத்துனது தப்புதான். ஆனா சாட்சி சொல்லிச்சே."

அந்த பாட்டிலிலிருந்து வேறெதுவும் வெளியே வந்ததாக நான் கேள்விப்படவில்லை. லேசாகத் துருவேறி, இன்றைக்கும் என் டிப்ளமாவைப் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். மேஜைமேல் ஸ்டேப்ளர் இருக்கிறது. மாற்ற மனம் வரவில்லை.