எண்ணிப்போட்டு வைத்த பூஜ்யம்

இந்த உலகத்தில் எண்ண முடியாதது என்று ஏதாவது இருந்தால், எங்கள் எண்ணிப்போட்டு அதை இன்னும் நேரில் பார்க்கவில்லை என்றுதான் பொருள்.

கோவையில் நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தில் அவர் அப்போது பிரிவுக் கண்காணிப்பாளர். பெற்றவர்கள் வைத்த பெயர் பணிப்பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. யாரும் அதைத் தொந்தரவு செய்வதில்லை. எந்தக் காகிதத்தை நீட்டினாலும், "இருங்க, ஒருக்கா எண்ணிப்போட்டு வாரனுங்க" என்று கிளம்பிவிடுவார். கையெழுத்து அதற்குப் பிறகுதான். அவர் கையெழுத்தில்லாமல் ஒரு புள்ளிவிவரமும் வாசல் தாண்டாது.

நான் அன்று தரவரிசைப் பிரிவின் ஒருங்கிணைப்பாளர். உலகத்துப் பல்கலைக்கழகங்களையெல்லாம் வரிசையில் நிற்கவைக்கும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு வருடா வருடம் எங்கள் கணக்கை அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை கவலையில் சோறு செரிக்காமல் சீரகத் தண்ணீர் குடிக்கிற வேலை. எங்கள் இடம் எது என்று கேட்காதீர்கள். பட்டியலின் அடியில் இத்தனையிலிருந்து இத்தனை வரை என்று கும்பலாகப் போட்டிருப்பார்களே, அந்தக் கும்பலின் கடைசி ஓரத்தில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தோம்.

நான் பயந்தாங்கொள்ளி. இணையதளத்தைத் திறந்து திறந்து பார்த்து என் கைப்பேசியே சலித்துப்போனது. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி சொன்னாள்: "என்னத்துக்குங்க இத்தன கவல? இந்த ஊட்டுல உங்க ரேங்க் மூணு. மொதல்ல நானு, அப்பறம் பூனை. அது ஒண்ணும் இந்த வருசம் மாறப்போறதில்ல. சோறு ஆறுது, தின்னுங்க."

எண்ணிப்போட்டுக்கு இந்தப் பயமெல்லாம் கிடையாது. நூலகத்தில் எத்தனை புத்தகம் என்று படிவத்தின் ஒரு கட்டத்தில் நிரப்ப வேண்டியிருந்தது. பதிவேட்டில் இருப்பதை எழுதிவிடலாம் என்றேன். மனிதர் ஒன்பது நாள் நூலகத்துக்குள் காணாமல் போனார். பத்தாம் நாள் வெளியே வந்தபோது தலையெல்லாம் தூசி. கையில் எவர்சில்வர் தூக்குப்போசி ஒன்று. "கலைக்களஞ்சியத்துக்குப் பின்னால இருந்துச்சுங்க. உள்ள என்ன இருந்துச்சுன்னு மட்டும் கேக்காதீங்க" என்றார்.

அடுத்து ஆசிரியர் எண்ணிக்கை. காலையில் துறை துறையாகப் போய்ப் பார்த்தவர், பாதிப் பேரைக் காணாமல் திரும்பினார். மறுநாள் பதினோரு மணிக்குக் கேன்டீன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஓர் ஆள் விடவில்லை. வடையைக் கடித்த நிலையிலேயே ஒரு மூத்த பேராசிரியரிடம், "அசையாதீங்க சார், மறுக்கா மொதல்லிருந்து எண்ணோணும்" என்றாராம்.

இந்த நிலையில்தான் துணைவேந்தர் என்னைக் கூப்பிட்டார். "வெளிநாட்டு மாணவர் கட்டத்துல எப்பப் பாத்தாலும் பூஜ்யம். இந்த வருசமும் அதே பூஜ்யம் போனா நாம பட்டியல்லயே இருக்க மாட்டோம். நீங்க இந்த நாற்காலியில இருக்க மாட்டீங்க."

பயந்தவன் கண்ணுக்குத்தான் எல்லாம் தெரியும். சேர்க்கைப் பதிவேட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். கிடைத்தது! நான்கு மாணவிகள். நாட்டுரிமை: இலங்கை. பவானிசாகர் அகதிகள் முகாமிலிருந்து வந்து படிக்கும் பெண்கள். துணைவேந்தரிடம் ஓடினேன். அவர் என் முதுகில் தட்டினார். வெளிநாட்டு மாணவர் விழா, மேடை, கையில் அவரவர் நாட்டுக் கொடி, புகைப்படம் என்று ஐந்து நிமிடத்தில் முடிவாகிவிட்டது. பட்டியலை எண்ணிப்போட்டுவிடம் நீட்டினேன்.

"ஒருக்கா எண்ணிப்போட்டு வந்துரலாம், நீங்களும் வாங்க."

தாவரவியல் ஆய்வகத்தில் நால்வரும் தாளில் இலைகளை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். தர்சினி என்ற பெண்ணிடம் போய் நின்றார்.

"ஏனுங் கண்ணு, உனக்கு எந்த ஊரு?"

"பவானிசாகருங்க."

"பொறந்தது?"

"சத்தியமங்கலம் கவருமெண்டு ஆஸ்பத்திரிங்க."

"இங்க எப்புடி வந்து சேந்தே?"

"சத்தி பஸ்ஸப் புடிச்சுக் காந்திபுரத்துல எறங்கி, இன்னொரு பஸ்ஸுங்க" என்றவள் சிரித்துவிட்டாள். "ஏனுங் சார், கப்பல்ல வந்தேன்னு நெனச்சீங்களா?"

நானும் சிரித்துக்கொண்டே விழா விஷயத்தைச் சொன்னேன். உங்கள் நாட்டுக் கொடியைப் பிடித்துக்கொண்டு மேடையில் நிற்க வேண்டும் என்றேன். அவள் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"அந்தக் கொடிய நான் படத்துலதானுங்க பாத்திருக்கறேன்." கையிலிருந்த பசையைத் துப்பட்டாவில் துடைத்தாள். அது பசை என்பதுகூட அவளுக்கு நினைவில்லை. "என்ர கூடப் படிக்கறவங்களுக்கு நான் கேம்புன்னு தெரியாதுங் சார். இத்தன வருசத்துல இங்கதானுங்க யாரும் என்னைய நீ எங்கிருந்து வந்தேன்னு கேக்கல. மேடையில நிக்க வெச்சுட்டா, நாளையிலிருந்து நான் வேற ஆளாயிருவனுங்க."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று: இன்று மாலை ஐந்து மணிக்குள் கணக்கை அனுப்பியாக வேண்டும். அப்படிப்பட்ட ஆள் நான்.

அலுவலகத்துக்கு வந்ததும் பேனாவைத் திறந்து நீட்டினேன். "கையெழுத்துங்க."

"எண்ணிப்போட்டனுங்க. வெளிநாட்டுக்காரங்க ஒருத்தருமில்லீங்க."

"நாலு பேர் இருந்தாங்களே! பதிவேட்டுலயே எழுதியிருக்குதுங்க!"

"நாலும் நம்ம புள்ளைகளுங்க. சத்தியிலிருந்து பஸ்ஸேறி வாரது வெளிநாடுன்னா, பல்லடத்துலிருந்து வார நான் யாருங்க?"

"ரேங்க் போயிரும்!"

"போவட்டுமுங்க. அந்தப் புள்ளைய எடுத்துக் கட்டத்துல வெச்சுத்தான் ரேங்க் வரோணுமா? அதுக்கு நாம கும்பலுக்கு வெளிய நின்னுபோட்டு வீட்டுக்குப் போலாம்."

கெஞ்சினேன், மிரட்டினேன், கடைசியில் அழுகிற மாதிரியும் ஆனேன். மனிதர் பேனாவை மூடி என் சட்டைப் பையில் சொருகிவிட்டு, பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான்கு ஐம்பத்தெட்டுக்கு நான் கணினியில் பூஜ்யம் அடித்தேன். அந்த ஒற்றைப் பூஜ்யத்தை அடிக்க என் விரல் பட்ட பாட்டுக்கு ஓர் ஆய்வேடே அடித்திருக்கலாம். விழா ரத்து. தர்சினியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் வழக்கம்போல் சத்தி பஸ்ஸில் போய் வந்து படிப்பை முடித்தாள்.

பட்டியல் வெளியானது. மேலிருந்து கீழே மூன்று முறை தேடினேன். நாங்கள் இல்லை.

கூட்டத்தில் துணைவேந்தர் மேசையைத் தட்டினார். "யார் இந்தப் பூஜ்யத்தப் போட்டது?"

நான் என் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணிப்போட்டு எழுந்தார். "நானுங்க. இவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

அடித்தது நான். அவருக்கு அந்தக் கணினியைத் திறக்கவே தெரியாது. அடுத்த நொடி நானும் எழுந்து நின்றிருந்தேன். வீரம் என்று நினைத்துவிட வேண்டாம். எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் போய்விட்டது, திரும்ப உட்கார வழியில்லை. ஆனாலும் வாய் திறந்து, "நானுந்தானுங்க ஐயா" என்றது. இன்றுவரை அந்த வாய்க்கு நான் நன்றி சொல்லவில்லை.

இருவரையும் பழைய விடைத்தாள் கிடங்குக்கு மாற்றினார்கள். மின்விசிறி இல்லை, ஜன்னல் இல்லை, தரவரிசையும் இல்லை. என் வாழ்க்கையில் சீரகத் தண்ணீர் குடிக்காமல் இருந்த இரண்டு வருடங்கள் அவை.

இப்போது அவர் ஓய்வு பெற்றுப் பல்லடம் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில், பல்லடத்துக் கோழிக்கறிதான் ருசி, வாங்கி வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு நான் பல்லடம் பஸ் ஏறுகிறேன். கோழிக்கறி எங்கள் தெருமுனையிலேயே கிடைக்கும்.