உங்கள் கோட்டு வராது, மச்சான்

கர்த்தருக்குள் அன்பும் மரியாதையும் மிகுந்த மச்சான் அவர்களுக்கு,

ஆண்டவர் தயவால் உங்கள் தங்கையும் நானும் சுகம். வாசல் பூட்டு மட்டும் சுகமில்லை. அதன் காரணம் கீழே வருகிறது. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன். எதற்கும் இதை உட்கார்ந்து படியுங்கள்.

என் கோட்டு உள்துணி மாற்றத் தையற்காரரிடம் போயிருந்தபோது, ஒரு கல்யாணத்துக்காக உங்கள் கறுப்புக் கோட்டை இரவல் வாங்கினேன் அல்லவா? அது இனி வராது. அடுத்த மாதம் உங்கள் பணி ஓய்வு விழாவுக்கு அதைத்தான் போடப் போகிறீர்கள் என்று தெரியும். தெரிந்தும் கொடுத்துவிட்டேன். நடந்ததைச் சொல்கிறேன், பிறகு திட்டுங்கள்.

ஞாயிறு காலை நல்ல குளிர். திருப்பி அனுப்புமுன் கடைசியாக ஒருமுறை போட்டுக்கொள்வோமே என்று உங்கள் கோட்டை மாட்டிக்கொண்டு, வீட்டுச் சாவியை அதன் பையில் போட்டுக்கொண்டு ஆராதனைக்குப் போனேன். நம் இருவருக்கும் ஒரே தையற்காரர், ஒரே துணி என்றாலும், உங்கள் கோட்டு எனக்கு அத்தனை கச்சிதமாக இருந்ததில் ஆச்சரியம்தான். அன்று எங்கள் சபையில் துணி கொடுக்கும் ஞாயிறு. மூட்டையை வைத்துவிட்டு ஓட முடியாது. கொடுக்கிறவரே வாங்குகிறவருக்கு மாட்டிவிட்டு, பொத்தானும் போட்டுவிட்டு, முகத்தைப் பார்த்து வாழ்த்திவிட்டுத்தான் நகர வேண்டும் என்பது எங்கள் போதகரம்மாவின் சட்டம். நானோ காலமெல்லாம் பண்டகசாலையைக் காத்தவன், கையெழுத்தில்லாமல் ஓர் ஆணியைக்கூட வெளியே விட்டவனில்லை. ஒரு பழைய கம்பளிக் குல்லாவோடு என் தர்மத்தை முடித்துக்கொண்டு பெஞ்சுகளை நகர்த்தப் போனேன். வேர்த்தது. கோட்டைக் கழற்றிப் பக்கத்தில் இருந்த கம்பியில் மாட்டினேன். அது தானத் துணிகளை மாட்டும் கம்பி.

திரும்பி வந்து பார்த்தால் கோட்டு ஒரு மனிதரின் தோளில் பாதி ஏறியிருக்கிறது. "இது யார் கொடுத்தது? வந்து பொத்தான் போட்டு விடுங்க," என்கிறார் போதகரம்மா. பதறிப்போய், "ஐயோ, அது என் கோட்டு," என்றேன். உங்களுடையது, இரவல் என்று விளக்குவதற்குள் சபையே கைதட்டிவிட்டது. அந்த மனிதரோ முதுகைத் திருப்பிக் காட்டினார்.

"சார், உள்ள சட்டை கிழிஞ்சிருக்கு. வெளிய தெரியுதா பாருங்க. மில்லு மூடினதுலேருந்து புதுசு எடுக்கல. இன்னைக்கு எம்பொண்ணு நர்ஸ் படிப்பு முடிக்கிறா. அப்பாதான் மேடையேறி பேட்ஜ் குத்தணுமாம். போகாம இருந்துடலாமான்னு காலையிலேருந்து யோசிச்சிட்டிருந்தேன்."

கழற்றுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், மச்சான். "தெரியலைங்க, தைரியமா போங்க" என்று வந்தது. பொத்தான் போட்டேன். என் விரலுக்கடியில் அவர் நெஞ்சு அடித்துக்கொண்டதை உணர்ந்தேன். எத்தனை பேருக்கு எத்தனை சாமான் எடுத்துக் கொடுத்திருப்பேன், ஒருவர் நெஞ்சும் என் கையில் பட்டதில்லை. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

சிலிர்த்து முடித்தபிறகுதான் சாவி நினைவுக்கு வந்தது. அதற்குள் அவர் போய்விட்டார். இன்னொரு சாவி வீட்டுக்குள் ஆணியில் தொங்குகிறது. விழுந்தடித்து அடுத்த பஸ்ஸைப் பிடித்து, நர்ஸ் பயிற்சிப் பள்ளியைத் தேடிக் கண்டுபிடித்து மூச்சிரைக்க உள்ளே நுழைந்தால், அவர் மகளோடு வாசலிலேயே நிற்கிறார். என்னைப் பார்த்ததும் முகம் செத்துப்போயிற்று. கோட்டைத் திரும்ப வாங்க வந்துவிட்டேன் என்று நினைத்து, மேல் பொத்தானில் கை வைத்தார். சாவியைக் கேட்டால் கோட்டு யாருடையது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிடும். "கைதட்ட ஒரு ஆள் கூட இருக்கட்டுமேன்னு வந்தேன்," என்றேன். அந்தப் பெண் என்னை அழைத்துப்போய்ச் சொந்தக்காரர்கள் வரிசையில் உட்காரவைத்தாள். அந்த வரிசையில் நான் ஒருவன்தான்.

மண்டபத்தில் சரியான புழுக்கம். மேடையில் அவருக்கு பேட்ஜின் ஊசி துணியில் ஏறவேயில்லை. அவள் அப்பாவின் கையைப் பிடித்துத் தன் தோளில் தானே ஊசியை ஏற்றிக்கொண்டாள். நான் தட்டிய தட்டில் முன்வரிசை திரும்பிப் பார்த்தது. இறங்கி வந்ததும், "வேர்த்து ஊத்துதேப்பா, கோட்டைக் கழட்டுங்க," என்று அவர் முதுகைத் தடவினாள். "வேணாம்மா, குளிருது," என்றார் அவர். தடவிய கை ஓரிடத்தில் நின்றது. கோட்டு வழியாகக் கிழிசல் கைக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. அந்தச் சட்டையை அவள் எத்தனை முறை துவைத்திருப்பாளோ. "ஆமாப்பா, எனக்கும் குளிருது," என்று சொல்லி, அவிழ்ந்திருந்த மேல் பொத்தானை அவளே போட்டுவிட்டாள். அவள் நெற்றியிலும் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. அன்பு என்று பிரசங்கத்தில் எவ்வளவோ கேட்டிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றுதான். எழுந்து நிற்க வேண்டும்போல் இருந்தது, நின்றேன். பின்னாலிருந்தவர் உட்காரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தால் உங்கள் தங்கை வாசற்படியில்.

"சாவி எங்க?"

"கோட்டுல."

"கோட்டு எங்க?"

"கொடுத்தாச்சு. உங்க அண்ணன் கோட்டு."

படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பூட்டை உடைத்துத்தான் உள்ளே போனோம். "அண்ணனுக்கு நீங்களே எழுதுங்க, நான் மாட்டேன்," என்றும் சொல்லிவிட்டாள்.

உன் கோட்டை அனுப்பினால் என்ன என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் அது உங்கள் தங்கை ஆசையாகத் தைப்பித்துக் கொடுத்தது. அதைப் பிரிய மனம் வரவில்லை. நீங்கள் பெரிய மனது உள்ளவர், இந்தப் புண்ணியம் முழுவதும் உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் சிறியவர்களுக்கு ஆசீர்வாதமும். கர்த்தர் உங்களையும் உங்கள் முழங்காலையும் காப்பாராக.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்
தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் உங்கள் தங்கை அலமாரியைத் திறந்தாள். உள்ளே உங்கள் கோட்டு தொங்குகிறது. காலருக்குள் உங்கள் பெயர் தைத்திருக்கிறது. தையற்காரர் கொண்டுவந்து கொடுத்து அதே அலமாரியில் பக்கத்தில் தொங்கிய என் கோட்டைத்தான் அன்று நான் உங்களுடையது என்று போட்டுப் போயிருக்கிறேன். ஆகவே மேலே கேட்ட மன்னிப்பையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், புண்ணியத்தையும் சேர்த்து. ஆனால் ஒன்று, மச்சான். என்னுடையது என்று தெரிந்திருந்தால் அவர் தோளிலிருந்து அப்போதே உருவியிருப்பேன். அந்த மனிதர் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பார், அந்தப் பெண் மேடையில் தனியாக நின்றிருப்பாள். ஆண்டவர் என்னை எவ்வளவு நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறார்.