பிஸ்தா பாயின் உப்பில்லா பட்டர்

மனிதன் தின்னக்கூடிய எதன் மேலும் பிஸ்தா பட்டர் தடவலாம் என்று நிரூபித்தவர் அரூரிலேயே எங்கள் பிஸ்தா பாய் ஒருவர்தான். தடவக்கூடாதவற்றின் மேலும் தடவிப் பார்த்தார். முந்திரி, பாதாம், பிஸ்தா விற்கும் கடை அவருடையது. அவர் வீட்டு மாடியில் நாங்கள் குடியிருந்தோம். ஆகவே முதல் பலி நான்தான்.

காரணம் இருந்தது. ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவர் மனைவி பாத்திமா அக்காவுக்கு நாக்கில் ருசியே போய்விட்டது. பிரியாணி வைத்தாலும் "மண்ணாட்டம் இருக்குதுங்க" என்று தட்டை நகர்த்திவிடுவார். ஆள் பாதியாகிவிட்டார். அக்கா ஒரு வாயாவது ஆசையாகச் சாப்பிட வேண்டும். பாய்க்கு வேறு நினைப்பே இல்லை.

"புரதம் இருக்குதுங்க சார், நார்ச்சத்து இருக்குது, நல்ல கொழுப்பு இருக்குது. ஒரு ஸ்பூன் உள்ள போனா ஆள் தெம்பாயிருவா" என்பார். உப்பை மட்டும் கிட்டே சேர்க்கமாட்டார். அக்காவுக்கு பி.பி. "உப்பு போட்டா அது பிஸ்தாவே இல்லீங்க, வெசம்!"

ஒருநாள் பிஸ்தாவை அரைத்துப் பட்டராக்கும் பொறுப்பை என் மனைவியிடம் கொடுத்தார். சட்னிக்குப் பழகிய கை, மிக்சியில் அரை டம்ளர் தண்ணீரை ஊற்றிவிட்டது. பாய் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அய்யய்யோ! ஓட்டிக்கிட்டே இருந்தா அதுவே எண்ணெய் உட்டுக்கும்மா! தண்ணி பட்டா கெட்டுருமே!"

வேறு வழியில்லாமல் தாளித்துக் கொட்டி, இட்லிக்குத் தொட்டுக்கொண்டோம். நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொன்னதற்கு பாய் கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை.

பிறகு தோசை மேல் தடவினார், பாலில் கரைத்தார், கோழிக் குழம்பில் கலந்தார். எல்லாம் முதலில் மாடிக்கு வரும். தின்றுவிட்டு நான் உயிரோடு இருப்பதைப் பார்த்த பிறகே அக்காவிடம் போகும். அக்கா நகர்த்திவிடுவார். மீனில் தடவிக் கொண்டுவந்த அன்று, நான் வீட்டில் இல்லை என்று மனைவியைச் சொல்லச் சொன்னேன்.

"பரவால்லம்மா, சார் வர்ற வரைக்கும் உக்காந்திருக்கேன்" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் குளியலறையில் நின்றுகொண்டிருந்தேன்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராகிக் களி கிண்டி, உருண்டையின் நடுவில் குழி பறித்து, குழம்புக்குப் பதிலாக பட்டரை நிரப்பினார். எங்களையும் கீழே கூப்பிட்டு உட்கார வைத்தார். அக்கா ஒரு வாய் பிட்டுப் போட்டார். முகத்தைச் சுளித்தார்.

"என்னங்க இது, உப்பே இல்ல?"

பாய் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. "சார், கேட்டீங்களா? உப்பு இல்லீங்கறா! ருசி தெரியுதுங்க சார் இவளுக்கு!"

கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே ஓடினார். தன் கையாலேயே ஒரு சிட்டிகை 'வெசத்தை' எடுத்துவந்து அக்கா தட்டில் தூவினார். அக்கா முழு உருண்டையையும் சாப்பிட்டார்.

எங்கள் தட்டுக்கு உப்பு வரவே இல்லை. நாங்களும் கேட்கவில்லை, ஆளுக்கு இன்னொரு உருண்டை வாங்கிக்கொண்டோம்.

"எப்பிடிங்க சார் இருக்குது?" என்றார் பாய்.

அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். பிரமாதமாகத்தான் இருந்தது.