பூட்டன் பார்த்த உத்தியோகம்

மில்லுக்குப் பூட்டு விழுந்த நாலாம் நாள் ராஜாங்கம் ஒரு தீர்மானம் செய்தார். பூட்டனைத் தேடுவது என்று.

பாட்டனுக்கு அப்பன் பூட்டன். பாட்டன் பெயர் அம்மாவாசை என்று ராஜாங்கத்துக்குத் தெரியும். பூட்டன் பெயர் தெரியாது. அது தெரியாமலேயே ஐம்பத்திரண்டு வயதுவரை மூன்று வேளையும் ஒரு குறையுமில்லாமல் சாப்பிட்டு வந்தவர்தான். அன்றைக்குக் காலையில் மச்சான் பக்கிரி காலாப்பட்டிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கியதும், பூட்டன் பெயர் தெரியாமல் ஒரு வாய் சோறு இறங்காது என்ற நிலைமை வந்துவிட்டது.

பக்கிரி வேம்புவின் தம்பி. காலாப்பட்டு பஸ் ஸ்டாப்பில் டீக்கடை வைத்திருந்தான். அங்கே யுனிவர்சிட்டிக்குக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த சமயம் அது.

"மாமா, கூட்டம் தாங்கல. கொத்தனாருங்க, சித்தாளுங்க, லாரிக்காரங்கன்னு ஈ மாதிரி மொய்க்கிறாங்க. கிளாஸ் கழுவ ஆளில்ல. மில்லு தொறக்கற வரைக்கும் வந்து கூட நில்லு."

"நானா? கிளாஸா?"

"தட்டும் இருக்கு மாமா."

ராஜாங்கம் பேருக்கு ஏற்ற மனுஷர். மில்லில் நூல் கண்டு எண்ணியபோதுகூட ராஜ்ஜியத்தைப் பங்கு போடுகிற தோரணையில்தான் எண்ணுவார். அவர் தொண்டையைச் செருமினார்.

"முடியாது மச்சான். எனக்குத் தலைக்கு மேல வேலை இருக்கு. வம்சாவளி எழுதப் போறேன். வருங்கால சந்ததிக்கு வேணும்."

உள்ளேயிருந்து வேம்புவின் குரல் வந்தது. "சந்ததி கேட்டுச்சா?"

வேம்பு பேருக்கு ஏற்ற மனுஷி. கசக்கும், ஆனால் உடம்புக்கு நல்லது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் அமலநாதன் முசே வீட்டில் பதினாறு வருஷமாக அவள்தான் சமையல். பிரெஞ்சில் முசே என்றால் ஐயா. மில் மூடிய பிறகு கருவடிக்குப்பத்தில் ராஜாங்கத்தின் வீட்டு அடுப்பு எரிந்தது, அவள் முசே வீட்டு அடுப்பை எரித்த புண்ணியத்தில்தான்.

மறுநாளிலிருந்து ராஜாங்கம் உத்தியோகஸ்தர் ஆனார். காலையில் குளியல், வெளுத்த சட்டை, கையில் ஒரு நோட்டு. ஊருக்குள்ளே பழைய பதிவேடுகள் வைத்திருக்கும் அறைக்குப் போவார். பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில் பிறந்தவன், செத்தவன், கட்டிக்கொண்டவன் எல்லாரையும் ஒருத்தன் விடாமல் அங்கே எழுதி அடுக்கியிருந்தார்கள். அந்தத் தூசியில் நாலு தும்மல் போட்டுவிட்டு, மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்குவார். எழுந்ததும் பெரிய சார்ட்டுத் தாளில் மரம் வரைவார்.

கண்ணாடி மாட்டியிருந்த சுவரில் கண்ணாடியை எடுத்துவிட்டு மரத்தை ஒட்டியாயிற்று. வேரில் ஒரு கேள்விக்குறி. அதற்கு மேலே பாட்டன் அம்மாவாசை. அதற்கும் மேலே அப்பா. உச்சாணிக் கிளையில் ராஜாங்கம்.

வேம்பு தலை வாரக் கண்ணாடி தேடி வந்து, மரத்தைப் பார்த்தாள்.

"இதுல நான் எங்க இருக்கேன்?"

"பொம்பளைங்கள எழுதினா அது வம்சாவளி இல்ல, வோட்டர் லிஸ்ட்டு."

"நம்ம பொண்ணுங்க ரெண்டு பேரு?"

"கட்டிக் குடுத்தாச்சே. அவங்க வேற மரம்."

"அப்ப உங்களோட மரம் மொட்டையாயிடுதே! வருங்கால சந்ததி எங்கேருந்து வரும்? ஒட்டு கட்டப் போறீங்களா?"

ராஜாங்கம் உச்சாணிக் கிளைக்கு இன்னொரு கோடு இழுத்தார். ஆராய்ச்சியாளர்கள் குறுக்குக் கேள்விகளை மதிப்பதில்லை.

"சரி, எறங்கி வாங்க. ரேஷன்ல இன்னிக்குச் சீமெண்ணெ ஊத்தறாங்க."

"அந்த மாதிரி வேலைக்கெல்லாம் என்னக் கூப்பிடாத. எங்க வம்சம் இன்னான்னு தெரியட்டும். பூட்டன் பார்த்த வேலைக்கு ஒரு படி கொறஞ்ச வேலைய இந்தக் கை தொடாது."

மூன்றாவது வாரம் பூட்டன் கிடைத்தார்.

பாட்டன் அம்மாவாசையின் பிறப்புப் பதிவு அது. குமாஸ்தா அதைப் பார்த்து ஒரு நகல் எழுதிக் கொடுத்தார். அப்பா பெயர் கொளஞ்சி. வயது முப்பது. வயதுக்குப் பக்கத்தில் பிரெஞ்சில் இரண்டு வார்த்தை: 'சான் புரொபெஸ்ஸியோன்'. அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. அது ஏதோ பொம்பளை பெயரில் தொடங்கியதால் ராஜாங்கம் அதைப் படிக்கவில்லை.

அவருக்குப் பிரெஞ்சு தெரியும். மூன்றாம் வகுப்புவரை படித்த பிரெஞ்சு. போன்ழூர், மெர்சி, அப்புறம் அடிக்கும்போது வாத்தியார் சொன்ன சில வார்த்தைகள். இந்த மூலதனத்தை வைத்துக்கொண்டு வீடு வரும் வழியெல்லாம் அவர் ஆராய்ந்தார். புரொபெஸ்ஸியோன் என்றால் புரொபசர். அதில் சந்தேகமில்லை. 'சான்'? சக்கரைக்குளம் வரும்போது பொறி தட்டியது. சான்றோர்! நம் ஆள் சான்றோர் என்று சொல்லியிருக்கிறான். வெள்ளைக்காரன் வாயில் முழுசாக நுழையவில்லை. 'சான்' என்று நிறுத்திவிட்டான்.

"வேம்பு! என் பூட்டன் சான்றோர் புரொபசர்!"

வேம்பு மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"காலாப்பட்டுல இப்பத்தான் யுனிவர்சிட்டிக்கு செங்கல் அடுக்கறான். எங்க ஆளு நூறு வருஷத்துக்கு முந்தியே புரொபசரு! அந்த வம்சத்தப் போயி கிளாஸ் கழுவக் கூப்பிடறான் உன் தம்பி!"

வேம்பு கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள். மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒரு நாளைக்குக் குடுங்க. முசே கிட்ட காட்டறேன். நமக்கும் பெருமதான?"

ராஜாங்கம் கொடுத்தார். சாயங்காலம் அவள் திரும்பி வந்ததும் வாசலிலேயே மறித்தார்.

"இன்னா சொன்னாரு முசே?"

"ஒண்ணும் சொல்லல. சிரிச்சாரு. அவரு சம்சாரம் மதாமக் கூப்பிட்டுக் காட்டினாரு. அவங்களும் சிரிச்சாங்க."

"ஆனந்தச் சிரிப்பு!"

"ஆமாங்க. கண்ணுல தண்ணியே வந்துடுச்சு."

அன்றிலிருந்து வேம்பு தலைகீழாக மாறிப்போனாள். ராஜாங்கத்தின் தட்டில் வஞ்சிரத்தின் நடுத்துண்டு விழுந்தது. சீமெண்ணெய்க்கு அவளே போனாள். மரத்தின் வேரில் இருந்த கேள்விக்குறியை அழித்து, 'கொளஞ்சி, சான்றோர் புரொபசர்' என்று அவர் எழுதியபோது பக்கத்தில் நின்று மைப்புட்டியைப் பிடித்துக்கொண்டாள். இருபத்தெட்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் இப்படி ஒரு மரியாதையை அவர் கண்டதில்லை. சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நடுத்துண்டு யோசிக்க விடவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் மெல்ல ஆரம்பித்தாள்.

"பக்கிரி இன்னும் மொணகறான்ங்க. மாமா வேலைக்குப் பயந்துகிட்டு கத வுடறாருங்கறான். ஒரே வரியில எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா வாய மூடிக்குவான்."

"இன்னான்னு எழுதணும்?"

"பூட்டன் பார்த்த வேலைக்குக் கொறஞ்ச வேலைக்குப் போவ மாட்டேன்னு."

"பேஷா எழுதறேன்!"

"அது மட்டும் எழுதினா திமிருன்னுவான். அதவிட ஒசந்த வேல எது வந்தாலும் மறுக்காம போவேன்னு சேத்துக்குங்க. ரெண்டு பக்கமும் நாயமா இருக்கும்."

ராஜாங்கம் வயிறு குலுங்கச் சிரித்தார். "புரொபசருக்கு மேல கவர்னர் வேலதான்டி இருக்கு. வந்தா வரட்டும், போறேன்."

மரத்துக்கு அடியில் கொட்டை எழுத்தில் எழுதினார். கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார். சந்ததிக்கு ஆதாரம் வேண்டுமே.

ஞாயிற்றுக்கிழமை பக்கிரியை வேம்பு வரச் சொல்லியிருந்தாள். அவனோடு வேட்டியும் தொப்பியுமாக அமலநாதன் முசேவும் வந்து இறங்கியதைப் பார்த்ததும் ராஜாங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. இருந்த ஒரே நாற்காலியில் முசேவை உட்கார வைத்தார். மரத்தைக் காட்டினார். நகலைக் கையில் கொடுத்தார்.

"முசே, உங்க வாயால நீங்களே படிக்கணும். இவன் காது குளிரட்டும்."

முசே மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"கொளஞ்சி. வயசு முப்பது. சான் புரொபெஸ்ஸியோன்."

"கேட்டியா பக்கிரி? அர்த்தத்தையும் சொல்லுங்க முசே."

"புரொபெஸ்ஸியோன்னா தொழில், ராஜாங்கம்."

"சான்?"

"சான்னா இல்லாம. தொழில் இல்லாதவர். எங்க மதாமுக்கு ஒவ்வொரு பென்ஷன் பாரத்துலயும் இததான் எழுதறோம். வேம்பு பதினாறு வருஷமா பாத்துக்கிட்டிருக்கா."

பக்கிரி இருமினான். ராஜாங்கம் வேம்புவைப் பார்த்தார். வேம்பு மரத்தைப் பார்த்தாள்.

"இருக்கலாம்," என்றார் ராஜாங்கம், குரலை இழுத்துப் பிடித்து. "சொத்துபத்து இருந்திருக்கும். வேல செய்ய வேண்டிய அவசியமே இல்லாம, மகாராஜா மாதிரி..."

"அடுத்த வரியும் இருக்குதே," என்றார் முசே. "மனைவி சின்னப்பாப்பா. வயசு இருபத்தாறு. குய்ஸினியேர். அப்படின்னா சமையக்காரி."

இதற்குப் பிறகு சொத்துபத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

பக்கிரி எழுந்து மரத்துக்குக் கிட்டே போய், கொட்டை எழுத்தை விரல் வைத்துப் படித்தான். "'அதைவிட உயர்ந்த வேலை எது வந்தாலும் மறுக்காமல் போவேன். இப்படிக்கு ராஜாங்கம்.' மாமா, சும்மா குந்திக்கிட்டிருந்ததுக்கு ஒரு படி மேல இன்னா வேல இருக்கு? கொஞ்சம் யோசிச்சுச் சொல்லு. கிளாஸ் கழுவறது வருமா?"

"தட்டும் இருக்குதுடா," என்றாள் வேம்பு.

ராஜாங்கம் துள்ளி எழுந்தார். "ரிக்கார்டு தப்பு! எழுதினவன் தப்பா எழுதிட்டான்! எங்க பூட்டன் வேலவெட்டி இல்லாதவரா? வுடமாட்டேன். திருத்தச் சொல்லி மனுப் போடுவேன். கோர்ட்டு வரைக்கும் போவேன்!"

"தாராளமாப் போடுங்க," என்றாள் வேம்பு. "முசே இருக்கும்போதே எழுதிடலாம். நோட்டுல ஒரு தாளக் கிழிங்க."

கிழித்தார். முசே பேனாவைத் திறந்தார்.

"மனுதாரர் பேரு?"

"ராஜாங்கம்!"

"வயசு?"

"அம்பத்திரண்டு!"

"தொழில்?"

தெருவில் ஒரு ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போனது. அது முனை திரும்புகிறவரை எல்லாரும் காத்திருந்தார்கள். முசேவின் பேனாவும் காத்திருந்தது.

"பக்கிரி," என்றார் ராஜாங்கம், "காலாப்பட்டுக்குக் காலையில மொத பஸ்ஸு எத்தினி மணிக்கு?"