பனமலை ஏரியின் கேப்டன்

கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக, என் மனைவிக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்வது என்று முடிவெடுத்தேன். முடிவெடுத்தபோது அவள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். இருந்தாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் முடிவெடுத்தேன்.

காரியம் இதுதான். படகு ஓட்டுவது.

சிரிக்காதீர்கள். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் முப்பத்திரண்டு வருஷம் டைம் கீப்பராக இருந்தவன் நான். அத்தனை பஸ்ஸையும் விசில் ஊதிக் கிளப்பிவிட்டேன். நான் மட்டும் எங்கேயும் கிளம்பவில்லை. ரிட்டயரானதும் எதிலாவது ஏறிக் கிளம்பிவிட வேண்டும் என்றிருந்தேன். எனக்கு முன்னால் நெஞ்சுவலி கிளம்பிவிட்டது. விழுப்புரம் ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். அது ஆறுவதற்குள் சர்க்கரை வந்தது. சர்க்கரை அடங்குவதற்குள் வலது கண்ணில் புரை. "மிஸ்டர் அன்புச்செல்வன், பாசிட்டிவா இருங்க" என்றார் டாக்டர். லேப்பில் எது பாசிட்டிவ் என்று வந்தாலும் ஒரு மாத்திரை கூடிக்கொண்டிருந்த காலம் அது. அந்த வார்த்தையைக் கேட்டாலே என் கை மாத்திரை டப்பாவைத் தேடும்.

ஆகவே அனந்தபுரம் வீட்டில் ஈஸி சேரில் சாய்ந்து, ஃபேனைப் பார்த்தபடி நாலு மாதம் கிடந்தேன். தினமும் நடக்கச் சொன்னார்கள். கலையரசியும் சொன்னாள். இங்கே என் குணத்தைச் சொல்லிவிட வேண்டும். அவள் செய் என்று சொன்னால் எனக்குக் கை எழும்பாது. செய்யாதே என்றால் கால் நிற்காது. "வாங்க, தெருக்கோடி வரைக்கும் ஒரு நடை" என்று என் செருப்பை எடுத்து வைத்தாளே, அன்றிலிருந்து வாசல் பக்கமே நான் போகவில்லை.

ஒரு நாள் டிவியில் யாரோ ஒரு பெரியவர் ஏரியில் படகு விட்டுக்கொண்டிருந்தார்.

"ஜோரா இருக்குது பாரு கலை. பனமலை ஏரியில நானும் இப்டி துடுப்பு போடணும்."

வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"இன்னா சொன்னீங்க?"

"படகு..."

"நெஞ்சுல கம்பி வெச்சிக்கினு படகா? அந்தப் பேச்சே இந்த வூட்டுல எடுக்கக் கூடாது. உங்க நெழலு அந்த ஏரியில வுழுந்துச்சின்னு எவளாச்சும் வந்து சொன்னா, அப்பறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

"ஒரே ஒரு தபா..."

"கூடாதுன்னா கூடாது!"

அவ்வளவுதான். அந்த நிமிஷமே மனசுக்குள் நான் துடுப்புப் போட ஆரம்பித்துவிட்டேன்.

மறுநாள் அவள் ரேஷன் கடைக்குப் போனதும் சகாயராஜுக்கு போன் போட்டேன். பழைய டிரைவர். பனமலை ஏரியில் மீன் வளர்ப்பதற்கு யாரோ குத்தகை எடுத்திருக்கிறார்களாம், அவர்களுக்குப் படகும் வலையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சகாயம், எனக்குப் படகு ஓட்டணும். ஆனா வூட்டுக்குத் தெரியக் கூடாது."

"அண்ணிக்கித் தெரிஞ்சா என் கதி இன்னாபா ஆவறது?"

"தெரியாது. நான் பாத்துக்கறேன்."

"அப்ப நாளைக்கி ஆறு மணிக்கி வந்துடு. வெறும் வயித்துல வராத. காலை மாத்திரைய மறக்காம போட்டுக்கினு வா."

மாத்திரை வரைக்கும் யோசிக்கிறான்! இவனல்லவோ சிநேகிதன் என்று எனக்குக் கண் கலங்கியது.

வீட்டில் ஒரே வரியில் முடித்தேன். "நாளையிலேர்ந்து வாக்கிங் போறேன் கலை."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "போயிட்டு வாங்க" என்றாள். காலையில் ஒரு பாட்டில் தண்ணீரும், இரண்டு கேப்பை அடையும், ஒரு துண்டும் பையில் வைத்துக் கொடுத்தாள். வாக்கிங் போகிறவன் மொபெட்டில் எதற்குப் போகிறான் என்று அவள் கேட்கவில்லை. வாக்கிங்குக்குத் துண்டு எதற்கு என்று நானும் கேட்கவில்லை. இரண்டு பேரில் யார் முட்டாள் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

பைபர் படகு ஒன்று கரையில் நின்றது. சகாயராஜ் எனக்கு ஆரஞ்சு கலரில் ஒரு லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டான். தொப்பை உட்படக் கச்சிதமாகப் பொருந்தியது.

"அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்குதே சகாயம்?"

"அமைஞ்சி போச்சிபா. ஏறு."

ஏரிக்குள் அங்கங்கே பன்னிரண்டு மூங்கில் கம்புகள் நட்டிருந்தார்கள். படகில் அவன் பன்னிரண்டு பைகளை ஏற்றினான். மல்லாட்டைப் புண்ணாக்கும் தவிடும் கலந்த வாசனை.

"இது எதுக்கு?"

"பேலன்ஸு. வெறும் படகு ஆடும். ஒவ்வொரு கம்புலயும் ஒரு பையக் கட்டி தண்ணியில தொங்க வுட்டுக்கினே போனா எடை கொஞ்சங் கொஞ்சமா கொறையும். அப்டிதான் தொழில் கத்துக்கணும்."

"பையெல்லாம் ஓட்டையா இருக்குதே?"

"காத்து போவணும்ல?"

தண்ணீருக்குள் என்ன காற்று? முப்பத்திரண்டு வருஷம் லேட்டாக வரும் டிரைவர்கள் சொல்லும் பொய்யையே கேட்டு வளர்ந்தவன் நான். எனக்கே அது உறைக்கவில்லை. துடுப்பைக் கையில் கொடுத்தால் மனுஷனுக்கு மூளை வேலை செய்யாது போலிருக்கிறது.

முதல் நாள் சகாயராஜும் கூட உட்கார்ந்திருந்தான். மூன்று கம்பிலேயே எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அடுத்த வாரம் ஐந்து. ஒரு மாதத்தில் எட்டு. அப்புறம் தனியாகவே போக ஆரம்பித்தேன். மலைக் கோயிலுக்குப் பின்னாலிருந்து வெயில் ஏறும், நீர்க்காகம் கம்பின் மேல் இறக்கையை விரித்துக் காய வைக்கும், என்னைக் கண்டால் மீன்கள் கூட்டமாக ஓடி வரும். என் முகராசி என்று நினைத்துக்கொண்டேன். சந்தோஷமாக இருந்தேன். உடம்புக்கு வந்ததெல்லாம் வேறு யாருக்கோ வந்த மாதிரி இருந்தது.

பழைய தொழில் விடுமா? ஒரு நோட்டு வாங்கி, புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், கட்டிய கம்பு எல்லாம் எழுதி, சகாயராஜின் கொட்டகையிலேயே ஒளித்து வைத்தேன்.

வீட்டில் நடிப்புக்குக் குறைச்சல் இல்லை. "நடந்து நடந்து காலு விட்டுப் போவுது" என்று நொண்டிக்கொண்டே வருவேன். கலையரசி தைலத்தை எடுத்து வந்து தோளில் தேய்ப்பாள்.

"காலுன்னு சொன்னேன் கலை."

"காதுல வுழுந்துச்சி. இந்தாண்ட தோளக் காட்டுங்க."

இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒரு நாள் காற்று பலமாக இருக்கிறது என்று சகாயராஜ் என்னைப் பாதியிலேயே திருப்பி அனுப்பினான். வீட்டுக்கு வந்தால் கூடத்தில் மகளிர் குழுக் கூட்டம். நடுவில் தலைவி, அதாவது என் மனைவி. பக்கத்தில் செயலாளர் வெண்ணிலா. அவள் கையில் இருந்தது என் நோட்டு!

வாசல்படியிலேயே நின்றுவிட்டேன்.

வெண்ணிலா படித்துக்கொண்டிருந்தாள். "நேத்து, ஆறு அஞ்சுக்குப் புறப்பாடு. பன்னெண்டு கம்புக்கும் பை கட்டியாச்சு. ஏழாவது கம்புல கட்லா மீனு துள்ளிச்சு. மூச்சு வாங்கல."

"நில்லு வெண்ணிலா" என்றாள் கலையரசி. "கடைசியில இன்னா எழுதிக்கிறாரு?"

"மூச்சு வாங்கலியாங்க்கா."

"இன்னொரு தபா படி."

அவள் இன்னொரு முறை படித்தாள். கலையரசி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதோடு விட்டிருந்தால் உள்ளே போய் அவள் கையைப் பிடித்திருப்பேன். பின்னாலிருந்து ஒருத்தி வாயைத் திறந்தாள்.

"நம்ம குழு ஏரிய குத்தகை எடுத்ததும் எடுத்துச்சி, மீனுக்குத் தீனி கட்ட டயம் தவறாத ஆளு எப்டி மாட்டுனாரு பாரு! சம்பளங்கூட கேக்கல!"

பேலன்ஸ் விளங்கியது. ஓட்டை விளங்கியது. என் முகராசியும் விளங்கியது. நான் செருமியதும் கூட்டம் ஜல்தியாகக் கலைந்தது.

"கலை, ஏரிக்குப் போவாதன்னு சொன்னது நீதான?"

"ஆமா. போங்கன்னு சொல்லியிருந்தா போயிருப்பீங்களா?"

நான் குனிந்து செருப்பைக் கழற்றுவதில் மும்முரமானேன்.

"நடக்க மாட்டேங்கறாருன்னு டாக்டர்கிட்ட அழுதேன். துடுப்பு போடட்டும், கொஞ்சங் கொஞ்சமா, கூட ஆளு இருக்கட்டும்னாரு. அன்னிக்கி டிவியில படகு வெச்சதே நான்தான். அந்த ஜாக்கெட்டு உங்க பழைய யூனிபார்ம் சட்டைய எடுத்துக்கினு போயி அளவு பாத்து வாங்குனது." அவள் குரல் இறங்கியது. "நாலு மாசம் ஃபேனையே பாத்துக்கினு கெடந்தீங்க. எனக்கு எவ்ளோ பேஜாரா இருந்துச்சி தெரியுமா? நீங்க கண்ணசந்தா மூக்காண்ட வெரல வெச்சிப் பாத்துக்கினு இருப்பேன்."

உள்ளே உருகிவிட்டேன். ஆனால் உருகியதை ஒப்புக்கொண்டால் முப்பத்தாறு வருஷ மானம் என்ன ஆவது?

"சிரிப்பா சிரிக்க வெச்சிட்ட! இனிமே அந்த ஏரிப் பக்கம் தல வெச்சிகூட படுக்க மாட்டேன். உங்க மீனுங்க பட்டினி கெடக்கட்டும்!"

கெஞ்சுவாள் என்று காத்திருந்தேன். அவள் நிதானமாக நோட்டை மடித்து வைத்தாள்.

"அதாங்க சரி. வயசும் ஆயிடுச்சி, உங்களால முடியாது. தையக்கடை ஆனந்தராஜு உங்களவிட ரெண்டு வயசு பெரியவருதான், ஆனா திடமா இருக்காரு. நாளையிலேர்ந்து அவரு வர்றேன்னுட்டாரு. நீங்க ஏரிக்குப் போவக் கூடாது."

"கூடாதா?"

"கூடாதுன்னா கூடாது."

மறுநாள் ஐந்து ஐம்பதுக்கே படகை எடுத்துவிட்டேன். அந்த ஆனந்தராஜ் வந்து சேருவதற்குள் பன்னிரண்டு கம்பையும் முடித்துவிட வேண்டும் என்று ஒரே வேகம். எட்டாவது கம்பில் பையைக் கட்டும்போதுதான், கரையில் பல் விளக்கிக்கொண்டு நின்ற சகாயராஜைக் கூப்பிட்டேன்.

"ஆனந்தராஜு எத்தினி மணிக்கி வர்றான்?"

"எந்த ஆனந்தராஜு? தையக்கடையா? அவன் பொண்ணு வூட்டுக்கு பெங்களூரு போயி ஒரு மாசம் ஆவுதேபா!"

மீதி நாலு கம்பையும் முடித்துவிட்டுத்தான் கரைக்கு வந்தேன். மீன்கள் என்ன பாவம் செய்தன?