யார்டைப் பூட்டிய பலசரக்குக் கடைக்காரன்

தூத்துக்குடி,
செவ்வாய்க்கிழமை மத்தியானம், கடையில் ஈயாடும் நேரம்.

மதிப்பிற்குரிய மச்சான் வெள்ளத்துரை அவர்களுக்கு, உங்கள் தங்கை முத்துக்கனியைக் கட்டிய ஒரே தகுதியால் உங்கள் அன்பை அனுபவித்துவரும் பால்துரை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே உடம்பளவில் எல்லோரும் சுகம், மனசளவில் ஒருவரும் சுகமில்லை. சாயர்புரத்தில் நீங்களும் பேரப்பிள்ளைகளும் நன்றாக இருக்கத் திருச்செந்தூர் முருகனை வேண்டிக்கொண்டேன். மிச்ச வேண்டுதல் முழுவதையும் எங்களுக்கே வைத்துக்கொண்டேன், தப்பாக நினைக்காதீர்கள். போனில் சொல்லலாம்தான். ஆனால் கரண்டில் ஓடும் எதையும் நான் தொடக்கூடாது என்று உங்கள் தங்கை நேற்றிலிருந்து தடை போட்டிருக்கிறாள். மிக்ஸிப் பக்கம்கூடப் போக முடியவில்லை.

விஷயம் உங்கள் மருமகன், அதாவது என் மகன் சிவப்பிரகாஷின் வேலை. உங்களோடு படித்த தனராஜ் அண்ணாச்சியிடம் சொல்லி, அவருடைய கன்டெய்னர் யார்டில் நீங்கள் வாங்கிக் கொடுத்த அதே வேலைதான். அது போகப்போகிறது. போனால் அவனால் அல்ல, என்னால் போகும்.

உங்களுக்கே தெரியும், கப்பலில் ஏற்றப்போகும் பெட்டிகளை அடுக்கிவைக்கும் அந்த யார்டில் கேட் திறப்பது, லாரியை எடை போடுவது, பில் அடிப்பது எல்லாமே கம்ப்யூட்டர். அதைப் பார்த்துக்கொள்ள முன்பு மூன்று பேர் இருந்தார்கள். போன தை மாதம் அண்ணாச்சி ஏஐ என்று ஒன்றை வாங்கிவைத்தார். அது லீவு கேட்காது, டீ குடிக்கப் போகாது, தீபாவளிக்குத் தலையைச் சொறியாது என்று பூரித்துப்போய் இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நம் பிள்ளை மட்டும் மிச்சம். ஏஐ வந்தாச்சே, இவனுக்கு இனிமேல் காலாட்டும் உத்தியோகம்தான் என்று நான் நினைத்தால், பையன் சாப்பிடும்போதும் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு சோற்றைக் காதில் வைக்கிறான். என்னலே என்று கேட்டேன்.

"சாஃப்ட்வேர்ல ஓட்டைப்பா. அது வழியா திருடன் உள்ள வந்துருவான்."

"ஓட்டை எப்பவும் உள்ளதுதானல?"

"இப்ப திருடனும் ஏஐய வெச்சுல்லா ஓட்டை தேடுதான். முன்ன மாசத்துக்கு ஒண்ணு வரும். இப்ப ஒண்ண அடைச்சிட்டு நிமிந்தா அடுத்தது வந்து நிக்கு."

"அப்ப ஒங்க ஏஐ என்னத்தைக் கிழிக்கு?"

"அடைக்கேன் அடைக்கேன்னு அதுதான் நிக்கு. ஆனா அடைக்கதுக்கு முன்னால ஒரு மனுசன் சரின்னு சொல்லணும்லா? அந்த மனுசன் நான்தான்."

"சரின்னு சொல்லிட்டுப் படுக்க வேண்டியதுதான?"

"யோசிக்காமச் சொன்னா யார்டே படுத்துரும்பா."

தோணியில் ஓட்டை என்றால் தண்ணீர் வந்து காலை நனைக்கும், நமக்கும் விளங்கும். இது என்ன ஓட்டையோ என்று அன்றைக்கு நான் திரும்பிப் படுத்துவிட்டேன்.

நேற்றுக் காலை என்ன நடந்தது என்றால், வேலைக்குக் கிளம்பியவன் அவசரத் தகவல் வந்தது என்று கடையிலேயே வண்டியை நிறுத்தி, அரிசி மூட்டைமேல் லேப்டாப்பைத் திறந்துவைத்தான். அந்த நேரம் பார்த்துச் சரக்கு லாரி வந்து, பைக்கை எடு பைக்கை எடு என்று ஹாரன் அடிக்க, "யப்பா, தொட்டுராதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடினான். தொடவேண்டும் என்று எனக்கு என்ன ஆசையா மச்சான்? அந்த ஏஐதான் திரையில் டிங் என்று கூப்பிட்டது. அண்ணாச்சி ஏற்பாட்டில் அது தமிழில்தான் பேசுமாம். "வணக்கம். ஆபத்தான ஓட்டை ஒன்று உள்ளது. அடைக்கலாமா?" கீழே இரண்டு கட்டம். ஒன்றில் ஆம், இன்னொன்றில் இல்லை. கடை திறந்து இன்னும் போணி ஆகவில்லை. முதல் வியாபாரம் முடிகிறவரை நம் கடைகளில் இல்லை என்ற சொல் வரக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியாததா? சீனி டப்பாவைக் கவிழ்த்துக் கழுவிவைத்திருந்தாலும் சாயங்காலம் வரும் என்போமே தவிர இல்லை என்போமா? வெறும் வயிற்றோடு நிற்கிற கடையில், வணக்கம் சொல்லிக் கேட்கிற ஒன்றிடம் எப்படி இல்லையை அமுக்குவேன்? ஆம் அமுக்கினேன். நன்றி என்றது. என் கடையில் எனக்கு ஒருவர் நன்றி சொல்லி எவ்வளவு காலம் ஆச்சு! அடுத்து, "அடைக்கும்வரை எல்லா வழிகளையும் மூடலாமா?" கடை கழுவும்போது ஷட்டரை இறக்குவது நியாயந்தானே, ஆம். "உள்ளே இருப்பவர்களை வெளியேற்றலாமா?" ஆம். "எல்லோருடைய பாஸ்வேர்டையும் ரத்து செய்யலாமா?" இதில் கொஞ்சம் இடித்தது. ஆனாலும் போணி ஆகவில்லையே, ஆம்.

சிவப்பிரகாஷ் திரும்பி வந்து பார்த்தான். முகம் உப்பளம் மாதிரி வெளுத்துப்போச்சு. லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டான், திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அதற்குள் தனராஜ் அண்ணாச்சி போன். ஸ்பீக்கர் போடாமலே தெருவுக்குக் கேட்டது. "ஏலே, என் யார்டுக்குள்ள என்னயவே விடமாட்டேங்கு! நீ யாருன்னு என்ட்டயே கேக்குல அந்தக் கேட்டு!" ஏற்ற வந்த லாரிகள் ஹைவே வரைக்கும் நின்றன. அதில் ஒன்று நிறையக் கருவாடு. வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டாம்.

சாயங்காலமே அண்ணாச்சி வீட்டுக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். நான்தான் அமுக்கினேன், பிள்ளைமேல் தப்பில்லை என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "பிள்ளையக் காப்பாத்தப் பொய் சொல்லுதீங்க. உளுந்தம்பருப்பு நிறுக்கவரால என் யார்ட மூட முடியுமா அண்ணாச்சி?" என்று மோர் கொடுத்து அனுப்பிவிட்டார். செய்யாத தப்பை ஒப்புக்கொள்ள வைக்கிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். செய்த தப்பை நம்ப மறுக்கிறவரிடம் என்ன செய்ய? வெள்ளிக்கிழமை முடிவு சொல்கிறாராம். பிள்ளை சோறு இறங்காமல் கிடக்கிறான். உங்கள் தங்கை என்னைப் பார்க்கும்போதெல்லாம் பாத்திரத்தைப் போடுகிறாள். ஆகவே மச்சான், நீங்கள் ஒரு எட்டு வந்து, பால்துரை அந்த அளவுக்கு மடையன்தான், எனக்குக் கல்யாணத்தன்றே தெரியும் என்று அண்ணாச்சிக்கு உறுதி கொடுக்க வேண்டும். நீங்கள் சொன்னால் நம்புவார்.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும், சின்னஞ்சிறுசுகளுக்கு ஆசியும், உங்களுக்கு என் கும்பிடும்.

இப்படிக்கு,
கை துறுதுறுத்துக் கெட்ட,
பால்துரை

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் தனராஜ் அண்ணாச்சியே கடைக்கு வந்துவிட்டார். நேற்றுக் காலையில் இதே சாஃப்ட்வேர் வைத்திருந்த மற்ற யார்டுகளில் திருடன் புகுந்து எல்லாவற்றையும் முடக்கிவிட்டானாம், பூட்டிக்கிடந்ததால் இவர் யார்டு மட்டும் தப்பியதாம். "நீங்க சொன்னது நெசம்தான் அண்ணாச்சி. ஒங்க மவன் ஒவ்வொண்ணுக்கும் ஏன் எதுக்குன்னு நின்னு யோசிக்கான், அவன் இப்படி அமுக்கிருக்க மாட்டான். நீங்க யோசிக்கவே இல்ல பாருங்க, அந்தக் கைதான் எனக்கு வேணும்" என்று, பாதிச் சம்பளத்தில் அவன் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டார், பிள்ளையை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். நான் மாட்டேன் என்று வாயைத் திறக்கும் முன் சிவப்பிரகாஷ் என் கையைப் பிடித்தான். அவர் போனபின், "போங்கப்பா. நீங்க இல்லன்னா வேற எவனாவது வந்து கண்ண மூடிட்டு அமுக்குவான். எதை அமுக்கணும்னு நான் வீட்லேருந்து சொல்லுதேன்" என்றான். எனவே நீங்கள் வர வேண்டாம். என் மடத்தனத்துக்கு உறுதியும் கொடுக்க வேண்டாம், இப்போது அதுதான் என் உத்தியோகத் தகுதி. வேலையை யார் பார்க்கிறார்கள் என்று மட்டும் அண்ணாச்சியிடம் வாய்தவறிச் சொல்லிவிடாதீர்கள்.