விடியாத ஊரில் மார்கழி

வரும் மார்கழியில் ஒரு நாள்கூட ஏழு மணிக்கு முன்னால் கண் விழிப்பதில்லை என்று ஸௌரிராஜன் ஆடி மாதமே தீர்மானித்துவிட்டார். திருப்பதியில், அதுவும் ஸத்யபாமாவின் வீட்டில், இது சாமானியத் தீர்மானம் இல்லை. கல்யாணமான முப்பத்தொரு வருஷமாக, மார்கழி முழுக்க அந்த அம்மாள் விடியற்காலை நாலு மணிக்கு அவர் போர்வையை உருவிவிடுவாள். பச்சைத் தண்ணீர் ஸ்நானம், பாசுரம், பொங்கல் தளிகை எல்லாம் சூரியன் எட்டிப் பார்ப்பதற்குள் முடிந்தாக வேண்டும். பாங்கியிலிருந்து ஓய்வு பெற்றும் மனுஷனுக்கு ஓய்வு கிடைக்கவில்லை.

வழி காட்டியது மகள் நீரஜா. நார்வேயின் வடகோடியில் டிரோம்ஸோ என்ற ஊரில் வேலை பார்க்கிறவள், "முதல் தடவை வரேள், எந்த ஸீஸன் வேணும்னு நீங்களே சொல்லுங்கோ" என்று ஒரு பட்டியல் அனுப்பியிருந்தாள். ஜூனில் சூரியன் அஸ்தமிக்காது. செப்டம்பரில் இலையெல்லாம் மஞ்சளாகும். டிசம்பரில் சூரியன் உதிக்கவே உதிக்காது.

கடைசி வரியை ஸௌரிராஜன் மூன்று தடவை படித்தார். உதயமே இல்லாத ஊரில் உதயத்துக்கு முன்னால் எப்படி எழுப்புவாள்?

"பாமா, ஜூன் வேண்டாம்" என்றார், காபியை ஆற்றியபடி. "அஸ்தமனமே கிடையாதாம். சாயங்கால சந்தியை நான் எப்போ பண்றது?"

அவர் சாயங்கால சந்தி பண்ணி எத்தனை வருஷமாயிற்று என்று ஸத்யபாமா கேட்கவில்லை. அப்போதே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"செப்டம்பர்?"

"பிரம்மோத்ஸவத்தை விட்டுட்டா? நாலு பேர் சிரிப்பா."

"அப்போ டிசம்பரா? மார்கழியாச்சேன்னா."

"வானத்துல பச்சையா ஒரு வெளிச்சம் ஆடுமாம். டிசம்பர்ல பளிச்சுன்னு தெரியுமாம்."

அன்றிலிருந்து அவளுக்குக் கேள்வி மேல் கேள்வி.

"மத்தியானம் எப்படியிருக்கும்?"

"ரெண்டு மணி நேரம் நீலமா ஒரு வெளிச்சம் வந்துட்டுப் போயிடுமாம்."

"பனி மேல கோலம் போட்டா வெள்ளை மாவு தெரியுமோ?"

"பர்வாலேது" என்று தெலுங்கில் தேற்றினார். "செம்மண் எடுத்துக்கோ."

பதில் சொல்வதற்காக அவர் படிக்க ஆரம்பித்தார். படிக்கப் படிக்க அவருக்கே ஆசை பிடித்துக்கொண்டது. நீல மத்தியானத்தில் போர்த்திக்கொண்டு படுத்திருப்பதை நினைத்தால் இங்கேயே சுகமாகக் கொட்டாவி வந்தது.

ஆவணி பிறந்த அன்று ஸத்யபாமா வந்து உட்கார்ந்தாள். "டிக்கெட் எடுத்தாச்சு. நீரஜாவே எடுத்துட்டா. மார்கழிக்கு முதல் நாள் கிளம்பறோம், தைக்குத்தான் திரும்பறோம்."

ஸௌரிராஜன் எழுந்து நின்றே விட்டார்.

"ஒரே ஒரு சந்தேகம் இருந்தது. வாத்தியார் வரதராஜன் ஸ்வாமியைக் கேட்டுட்டேன்."

"என்னன்னு?"

"சூரியனே வராத ஊர்ல மார்கழிக்கு எந்தக் கணக்குன்னு. நம்மாத்துப் பெருமாளையும் கையோட ஏளப்பண்ணிண்டு போறதானா நம்ம ஊர்க் கணக்கே போறும்னார். இங்கே நாலு மணி அடிச்சா அங்கே எழுந்துடணும்."

"இங்கே நாலுன்னா அங்கே என்ன மணி?"

"நீரஜாவைக் கேட்டேன். ராத்திரி பதினொன்றரையாம்."

ஸௌரிராஜன் மறுபடி உட்கார்ந்தார். "பொங்கல் ஆனதும் மறுபடி படுத்துக்கலாமோல்லியோ?"

"நம்மூர்ல விடிஞ்சப்புறம் என்ன தூக்கம்?"

"பேசாம அடுத்த ஜூன்ல போனா என்ன பாமா?"

"சந்தி பண்ண முடியாதுன்னு நீங்கதானேன்னா சொன்னேள்" என்று சொல்லிவிட்டு அவள் செம்மண் சலிக்கப் போனாள்.

ஸௌரிராஜன் பட்டப்பகலில் பாயை விரித்துப் படுத்தார். மார்கழிக்கு இன்னும் நாலு மாதம்தான் இருந்தது. அதற்குள் முடிந்த மட்டும் தூங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.